பழைய மரச்சாமான்களின் காலமும் மதிப்பும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதனுக்கும் தச்சுவேலைக்கும் என்ன உறவென்று தங்களிற் சிலர் வினவக்கூடும். பாகப்பிரிவினை நிகழும் வீடுகளில் பழைய பத்திரங்களைப் படித்துப் பொருள் சொல்லும்படி என்னை அழைப்பது வழக்கம். அவ்விடங்களில் யான் பன்முறை கண்டது ஒன்றுண்டு. நிலத்திற்குக் குழிக்கணக்குப் பார்க்கின்றார்கள். நகைக்கு மாற்றுப் பார்க்கின்றார்கள். பித்தளைப் பாத்திரத்திற்கு எடை பார்க்கின்றார்கள். கூடத்தில் நிற்கும் கட்டிலையும் பெட்டகத்தையும் மட்டும் "பழஞ்சாமான்" என்னும் ஒரு சொல்லில் அடக்கி, வாயிலில் வண்டியோடு வந்து நிற்பவன் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகின்றார்கள். அச்சாமானே சில திங்கள் கழித்துக் கடைவீதியில் "துரைமார் வீட்டுச் சாமான், இருநூறு ஆண்டுப் பழமை" என்ற புகழுரையோடு நிற்கிறது. அதனை நம்மவருள் மற்றொருவரே பெருவிலை கொடுத்து வாங்குதலும் உண்டு. விற்றவர் அறியாமையால் இழந்தார். வாங்கியவர் கதையை நம்பி இழந்தார். சாமானின் காலத்தை அதனோடு வரும் கதையால் அறியாது, அதன் உடம்பால் அறியக் கற்பின் இவ்விரு இழப்பும் நேரா. அதுபற்றியே சில சொல்லப் புகுகின்றேன்.

கதையால் ஏமாறினோர் எளியோர் மட்டுமல்லர். இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் (1717–1797) என்றொரு பெருஞ்செல்வர் இருந்தார். பழம்பொருள்களைத் தேடித் தொகுப்பதில் பெயர் பெற்றவர். கார்டினல் உல்சி என்பார் வாழ்ந்த ஈஷர் என்னும் மாளிகையில் செதுக்குவேலை செறிந்த கருங்காலி நாற்காலிகளைக் கண்டார். உல்சி இறந்தது 1530இல். ஆதலின் அந்நாற்காலிகளும் அக்காலத்து ஆங்கில வேலைப்பாடே என்று முடிவு கட்டி, அவை போன்றவற்றை விலைக்கு வாங்கித் தம் மாளிகையில் நிரப்பினார். அவரைப் பின்பற்றி மற்றையோரும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். உண்மை யாதெனின், அவ்வகை நாற்காலிகள் பதினேழாம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையில், ஐரோப்பிய வணிகர்க்காக நம் நாட்டுத் தச்சர் செய்தவை. நம் ஆசாரிமார் உளியால் செதுக்கிய கொடியும் பூவும் அங்கே ஆங்கிலப் பழமையாகப் பாராட்டப் பெற்றன!

இனி நம் ஊருக்கு வருவோம். "துய்ப்ளே காலத்துக் கட்டில்" என்ற பேச்சை இங்கே கேளாதவர் இல்லை. துய்ப்ளே இவ்வூர்க் கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் கோட்டையையும் வெள்ளையர் பகுதி மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின், 1765 முதல் லா தெ லொரிஸ்தோன் காலத்தில் ஊர் மறுபடியும் கட்டப்பட்டது. ஆகலின் 1761க்கு முற்பட்டது என்று ஒரு சாமானைச் சொல்வோர், அவ்வழிவிற்கு அது தப்பிய வகையையும் சொல்லக் கடமைப்பட்டவர். ஒன்றும் தப்பியிராது என்று யான் சொல்லவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இன்றும் நிற்கின்றதன்றோ? ஆயினும் சொல்லுவார்க்கெல்லாம் செவிகொடுத்தல் தகாது.

சாமான்களின் பெயரே ஒரு சிறு வரலாறு சொல்லும். கட்டில், மணை, பெட்டகம் என்பன நம் சொற்கள். மேசையும் அலமாரியும் போர்த்துக்கேசியர் தந்தவை. கடைசற்கால் ஐரோப்பியர் கொணர்ந்தது என்று சிலர் கூறுவர். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிற்கால் குடம்போல் திரண்டு, அடியில் பூண்டு போன்ற உறுப்போடு அமைந்த செய்தியைப் படித்தவர் அங்ஙனம் கூறார். இது நிற்க.

ஒரு சாமானைப் பார்க்குங்கால் முகத்தை முதலிற் பாராதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள், பின்புறத்தைப் பாருங்கள், இழுப்பறையை முழுதும் வெளியே எடுத்து அதன் அடிப்பலகையைப் பாருங்கள். முகத்தை மெருகிடுவோர் முதுகை மறந்துவிடுவர். அங்கே வாளின் தழும்பு தெரியும். வளைவு வளைவாக, பிறைக் கீற்றுகள்போல் தழும்பிருந்தால் அது வட்டவாள் அறுத்த பலகை. அவ்வாள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பரவிற்று. ஆதலின் அச்சாமான் பதினெட்டாம் நூற்றாண்டினதன்று எனத் துணியலாம். ஆனால் தழும்பு நேராக இருப்பதுகொண்டு பழமை என்று துள்ளிவிடாதீர்கள். மேலொருவரும் கீழொருவருமாக நின்று இழுக்கும் பெருவாள், நம் நாட்டில் இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கியது.

திருகாணி நல்ல சாட்சி. ஏறத்தாழ 1850க்கு முற்பட்ட திருகாணிகளின் நுனி மழுங்கியிருக்கும். தலையிலுள்ள கீறல் நடுவினின்று விலகியும் இருக்கும். கூர்நுனி அதற்குப் பின் வந்தது. தலையில் நாற்புறமும் சிலுவைபோல் வெட்டிய திருகாணியோ 1930களில் தோன்றியது. ஒரு திருகாணி புதியதாயின் பழுது பார்த்தபோது மாற்றியிருக்கலாம். எல்லாம் புதியனவாயின் அவ்விடத்தில் வேறு பழந்துளை உண்டா என்று நோக்குக. இரும்பாணி நெடுநாள் இருந்த இடத்தில், நம் கடற்காற்றின் ஈரத்தால் துருவேறி, மரத்தில் கறுப்புக் கறை ஊறியிருக்கும். பழைய ஆணி துருவோடிருக்க, சுற்றியுள்ள மரம் வெளுப்பாயிருந்தால் ஐயுறுதல் வேண்டும்.

மரம் இழையின் குறுக்கே சுருங்கும். நெடுக்கே ஏறக்குறையச் சுருங்காது. இவ்வுண்மையைக்கொண்டு ஓர் அழகிய சோதனை செய்யலாம். பழைய வட்டமேசையை நூலிட்டு இரு திசையும் அளந்து பாருங்கள். இழையின் குறுக்களவு சிறிது குறைந்திருக்கும். வட்டம் முட்டை வடிவை நாடியிருக்கும். அணுவளவும் பிசகாத வட்டமாயின் வயது குறைவென்று ஐயுறலாம். வண்டு துளைத்த துளைகளையும் பழமைக்குச் சான்றாகக் காட்டுவர். வண்டு வெளியேறும் துளை புறத்தே சிறு வட்டமாக மட்டும் தெரியும். வழி உள்ளே வளைந்து நெளிந்து செல்லும். அவ்வழி வாய்க்கால்போல் மேற்பரப்பிலேயே நீண்டு திறந்திருந்தால், உளுத்த பழம்பலகையைப் பின்னர் அறுத்துப் புதுச்சாமான் செய்தனர் என்பது பொருள். பழைய வீட்டு விட்டத்தைப் பலகையாக்கினால் மரம் பழமை, மேசை புதுமை!

பாணி என்னும் உருவமைதியைக்கொண்டும் காலம் சொல்வர். பதினைந்தாம் லூயி (1715–1774) காலத்துப் பாணியில் கால்கள் வளைந்து ஓடும். பதினாறாம் லூயி (1774–1792) காலத்துப் பாணியில் கால்கள் நேராகி, கீழே சிறுத்து, நெடுக வரியோடிருக்கும். நெப்போலியன் பேரரசுக் காலத்துப் பாணி (1804–1815) கனத்த உருவமும் பித்தளை அணியும் உடையது. எனினும் பாணி ஒரு சாமானின் மேலெல்லையைக் காட்டுமேயன்றி வயதைக் காட்டாது. அப்பேரரசு நடந்த காலம் முழுதும் நம் ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்க்கு மீண்டது 1816இலேயே. ஆதலின் அப்பாணிச் சாமான் இங்கே செய்யப்பட்டதாயின் அதற்குப் பிந்தியதாதலே இயல்பு. ஓர் ஆசாரி தம் பாட்டனார் வைத்துப்போன மாதிரியைப் பார்த்து நூறாண்டு கழித்தும் அதே வளைகாலைச் செதுக்குவார், இன்றும் செதுக்குகின்றனர். நல்ல வேலையாயின் அதுவும் விலை பெறுக. பழமை என்ற பெயரால் பெறவேண்டா.

மதிப்பைப் பற்றி ஒன்று வற்புறுத்துவேன். விற்பதற்கு முன் "பளபளப்பாக்குகிறேன்" என்று உப்புத்தாளைக் கொண்டு தேய்ப்பவரை வீட்டினுள் விடாதீர்கள். கைபட்டுக் கைபட்டு நூறாண்டில் ஏறிய நிறமே அப்பொருளின் பெருமதிப்பு. அரைநாளில் அதனைச் சுரண்டிப்போட்டு வார்னிஷ் பூசினால், ஈட்டிமரப் பெட்டகமும் நேற்றுச் செய்த பெட்டியும் ஒன்றாகிவிடும். பிரம்புப் பின்னல் அறுந்தால் பிரம்பே பின்னுங்கள், பலகை அடிக்காதீர்கள். மெழுகும் மென்துணியும் போதும்.

வயது ஒன்றே மதிப்பன்று என்பதற்கு நம் ஊரிலேயே சான்றுண்டு. அரவிந்தாசிரமத்துக் கோல்கொண்டா விடுதியின் கட்டடவேலையை 1937 முதல் 1939 வரை இங்கிருந்து கவனித்த ஜார்ஜ் நகாஷிமா அதற்குத் தேக்குச் சாமான்களையும் வகுத்தார். பின்னர் அமெரிக்காவில் தச்சுக்கலையிற் பெரும்பெயர் பெற்றார். அச்சாமான்களில் லூயியும் இல்லை, பூவேலையும் இல்லை. மரத்தின் இழையும் இணைப்பின் செம்மையுமே அழகு.

சட்டமும் அறிந்திருத்தல் நலம். நூறாண்டு கடந்த கலைவேலைப் பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்துள் அடங்கும். அதனைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புதல் கூடாது. தந்தம் பதித்த பெட்டியை வாணிகம் செய்தலும் குற்றமாம். பரிசு கேட்கும் வெளிநாட்டு நண்பரிடம் இதனை நயமாகச் சொல்லிவிடலாம்.

பாகப்பிரிவினைக்கு உட்காருமுன் ஒவ்வொரு சாமானையும் அளந்து, மரம் இன்னதென்று ஆசாரியைக் கேட்டு, யார் காலத்தில் வீட்டிற்கு வந்ததென்று முதியோரைக் கேட்டு ஓர் ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும். பாட்டிமார் இதில் நம்மினும் நினைவுடையோர். அடுத்த கூட்டத்திற்கு வருவோர் தம் வீட்டு இழுப்பறை ஒன்றின் அடிப்புறத்தைப் படமெடுத்துக் கொணர்ந்தால், உடனிருந்து பார்க்க யான் சித்தமாயிருக்கின்றேன்.