தீர்ப்புக்கு முன்பே பட்டமா?

(சேலத்தில் நடைபெற்ற சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



காவலர் கதவைத் தட்டுகிறார். 'சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்' என்கிறார். மாலைக்குள் அந்த இளைஞர் 'சந்தேக நபர்'. மறுநாள் செய்தியில் 'பயங்கரவாதி'! நீதிபதி இன்னும் வழக்கையே கேட்கவில்லை. ஊர் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறது.

இந்தப் பட்டம் சூட்டும் பழக்கம் புதிதல்ல. 1871ல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தைக்கே குற்ற முத்திரை! சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று நம் ஊர்ப் பெயரைச் சுமந்த மக்கள் இன்றும் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறார்கள். 1947ல் இங்கே அச்சட்டம் ஒழிந்தது. 1948லேயே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்தது. சொல் மாறியது, பார்வை மாறியதா?

1998 பிப்ரவரி 14ல் கோவைக் குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் பறிபோயின. அது மாபாதகம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அவ்வழக்கில் கைதான அப்துந் நாசர் மஅதனி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்து 2007 ஆகஸ்ட் 1ல் விடுதலையானார். அத்தனை ஆண்டுகள் அவரை அழைத்த பெயர்களை யார் திரும்பப் பெற்றார்கள்?

சகோதரர்களே! சொற்களைப் பிரித்தறியுங்கள். அழைக்கப்பட்டவர் வேறு, குற்றம் சாட்டப்பட்டவர் வேறு. 'குற்றவாளி' என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 179ம் பிரிவுப்படி, சாட்சியாக அழைக்கவும் எழுத்து உத்தரவு வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட, 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். கைது செய்யாமல் குற்றம் குறித்து விசாரிக்க 35(3)ன்படி நோட்டீஸ் வேண்டும். கைது என்றால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆகவே பணிவோடு கேளுங்கள்: "ஐயா, எந்தப் பிரிவு? எழுத்தில் தாருங்கள்."

கடைசியாக நமக்கும் ஒரு கேள்வி. விசாரணைக்குப் போய் வந்தவரின் தங்கைக்குப் பேசிய சம்பந்தத்தை முறித்தது யார்? வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னது யார்? போலீஸா? நாம்தானே! செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள், துருவித் துருவிச் சந்தேகிக்காதீர்கள் என்று சூரா ஹுஜுராத் கட்டளையிடுவது காவல்துறைக்கு மட்டுமா?

அவர் ஜாமீனில் வந்து ஜும்ஆவுக்கு வரும்போது ஸலாம் சொல்லி, ஸஃப்பில் பக்கத்தில் இடம் கொடுங்கள். அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.