பிரசங்கியின் உள்ளம்

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயங்களில் நிகழும் ஆராதனையில் பிரசங்கத்திற்கு ஒரு தனியிடம் உண்டு. வேதாகமத்தில் ஒரு பகுதி வாசிக்கப்படும். பின்னர் போதகர் பீடத்தில் ஏறி அப்பகுதியின் பொருளை விரித்துரைப்பார். சபையார் அமைதியாக இருந்து கேட்பர். பீடம் உயர்ந்திருக்கிறது, கேட்போர் தாழ அமர்ந்திருக்கின்றனர். இவ்வமைப்பைக் காண்போர், பிரசங்கி உண்மையைக் கண்டு முடித்தவர், கேட்போர் அதனை இன்னும் காணாதவர் என்று எண்ணுதல் இயல்பே. ஆனால், தாம் முற்றும் உணராத ஒன்றைப் பிறருக்கு எடுத்துரைக்க ஒருவருக்கு உரிமை உண்டா? உள்ளத்தில் ஐயம் இருக்க, வாய் விசுவாசத்தைப் போதித்தல் கபடமாகாதா? இவ்வினாவை ஒரு பெரும் பிரசங்கியின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம். அவர், மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி.

வெஸ்லி 1703 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எப்வேத் என்னும் ஊரில் ஒரு குருவின் மகனாகப் பிறந்தார். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் கற்று, அங்கேயே ஒரு கல்லூரியில் ஆசிரியப் பதவியும் பெற்றார். 1728 இல் குருப்பட்டம் பெற்றார். அவரும் அவர் தம்பி சார்ள்சும் சில நண்பர்களும் கூடி வேதம் ஓதினர், நோன்பு நோற்றனர், சிறையிலுள்ளோரைச் சென்று கண்டனர். கல்வியும் ஒழுக்கமும் பக்தியும் ஒருங்கே அமைந்த இத்தகையவரிடம் குறை யாது இருத்தல் கூடும் என்று நாம் வினவலாம். குறை உண்டு என்பதை அவருக்கு உணர்த்தியது கடல்.

1735 இல், அமெரிக்காவில் இருந்த ஆங்கிலக் குடியேற்றமாகிய ஜோர்ஜியாவிற் சமயப் பணி செய்ய அவர் கப்பலேறினார். 1736 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நடுக்கடலிற் பெரும் புயல் எழுந்தது. பாய் கிழிந்தது, அலைகள் கப்பலின்மேற் புரண்டன, ஆங்கிலேயப் பயணிகள் அலறினர். அதே கப்பலில் மொறேவியர் எனப்படும் ஜேர்மானியக் கிறிஸ்தவர் சிலர் இருந்தனர். அவர்கள் தாம் தொடங்கிய வழிபாட்டை நிறுத்தாது பாடிக்கொண்டேயிருந்தனர். அவர்களுடைய பெண்களும் பிள்ளைகளுங்கூட மரணத்திற்கு அஞ்சவில்லை என்பதைப் பின்னர் கேட்டறிந்த வெஸ்லி, தம்மிடத்தில் இல்லாத ஏதோ ஒன்று அவர்களிடத்தில் இருப்பதைக் கண்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. அன்றுவரை தாம் கற்றதும் போதித்ததும் புயலுக்கு முன் உதவாமற் போயின என்பதை அவர் உணர்ந்தார்.

ஜோர்ஜியாவில் அவர் பணி சிறக்கவில்லை. பகையும் வழக்கும் சூழ, 1737 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அந்நாட்டை விட்டுப் புறப்பட்டார். பிறரை மனந்திருப்பச் சென்ற தாமே இன்னும் மனந்திரும்பவில்லை என்னும் எண்ணம் அவரை வாட்டியது.

1738 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டனில் பீற்றர் போலர் என்னும் மொறேவியரை அவர் சந்தித்தார். போலர் வெஸ்லியிலும் ஒன்பது ஆண்டுகள் இளையவர். அவருடன் உரையாடியதன் பயனாக, தமக்கு விசுவாசம் இல்லை என்ற முடிவுக்கு வெஸ்லி வந்தார். இல்லாத ஒன்றைப் பிறருக்குப் போதிப்பது எவ்வாறு? பிரசங்கிப்பதையே நிறுத்திவிடலாமா என்று அவர் போலரிடம் கேட்டார். போலர் நிறுத்த வேண்டாம் என்றார். விசுவாசத்தைப் பெறும் வரையில் அதனைப் போதித்துக்கொண்டிருக்க வேண்டும். பெற்ற பின்னர், பெற்றதனாலேயே போதிக்க வேண்டும் என்பது அவர் அறிவுரையின் சாரம். வெஸ்லி அதனை ஏற்றார். அப்புதிய போதனையை அவர் முதன்முதலில் எடுத்துரைத்தது மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதிக்கு.

நேயர்களே, இந்த அறிவுரையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மேலோட்டமாகக் கேட்பவருக்கு, இல்லாததை இருப்பதாக நடிக்குமாறு கூறியது போலத் தோன்றும். நடிப்பவன் தன்னிடம் இல்லாததை உண்டென்று காட்டுகிறான். அக்காட்சியோடு அவன் மனம் நிறைவடைந்துவிடுகிறது. தேடுபவனோ, தன்னிடம் இல்லாததை இல்லையென்றே அறிந்து, அது உண்மை என்பதற்குத் தன்னிலும் மேலான சான்று உண்டென்று கருதி, அதனை நோக்கி நடக்கிறான். அவன் பேசும் சொல் பிறருக்கு மட்டும் உரியதன்று. முதலில் அவன் செவியிலேயே விழுகிறது. பிரசங்க பீடத்தில் நிற்கும்போதும் அவன் சபையாருள் ஒருவனே. இருவர் வாயிலும் ஒரே சொற்கள் வரக்கூடும். வேறுபாடு உள்ளத்திலே இருக்கிறது.

1738 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆந் திகதி மாலையில், இலண்டன் மாநகரின் அல்டர்ஸ்கேற் வீதியில் நடந்த ஒரு சிறு கூட்டத்திற்கு வெஸ்லி மனமின்றியே சென்றார். அங்கே ஒருவர், உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்திற்கு மாட்டின் லூதர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில் வெஸ்லியின் உள்ளத்தில் ஒரு புதிய கனிவு பிறந்தது. கிறிஸ்துவை நம்புகிறேன் என்னும் உறுதி உண்டாயிற்று.

அவர் தேட்டம் அத்துடன் முடிந்தது என்று வரலாற்றை நிறுத்திவிடுவோர் பலர். வெஸ்லியோ அவ்வாறு எழுதவில்லை. அன்றிரவே சோதனைகள் திரும்பி வந்தன என்று தம் நாட்குறிப்பிற் பதித்தார். ஓராண்டு நிறைவதற்குள், 1739 ஆம் ஆண்டு சனவரியில், தாம் இன்னும் கிறிஸ்தவர் ஆகவில்லை என்று எழுதி, அதனைப் பிற்காலத்தில் தாமே அச்சிலும் வெளியிட்டார். அவ்வாண்டு ஏப்பிரலில், பிறிஸ்டல் நகருக்கு வெளியே திறந்த வெளியில் ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் முன்னிலையிற் பேசினார். ஆலயத்திற்கு வெளியே பிரசங்கிப்பது முறையன்று என்னும் கருத்திலே ஊறியிருந்தவர், கிங்ஸ்வுட் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைத் தேடிச் சென்றார். அவர்களுள் பலர் ஆலயப் படியை மிதித்தறியாதவர். 1766 இல், ஆயிரக்கணக்கானோர் அவரைப் பின்பற்றிய காலத்தில், தம்பி சார்ள்சுக்கு எழுதிய கடிதமொன்றிலும் தம் உள்ளத்தின் வறட்சியை மறைக்காது கூறினார். ஆயினும் தாம் பிரசங்கித்து வருவதற்கு மாறாகப் பிரசங்கிக்கும் துணிவு தமக்கில்லை என்றும் அதிற் குறிப்பிட்டார். அக்கடிதத்தின் சில சொற்கள் சுருக்கெழுத்தில் உள்ளன.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. முதுமையில் அவர் தம் நூல்களைத் தொகுத்து வெளியிட்டபோது, இளமையில் தம்மைப்பற்றி எழுதிய கடுந்தீர்ப்புகளுக்குக் குறிப்புகள் சேர்த்தார். விசுவாசமே இல்லை என்று எழுதிய காலத்திலும், மகனுக்குரிய விசுவாசம் இல்லையெனினும் வேலைக்காரனுக்குரிய விசுவாசமேனும் தம்மிடம் இருந்தது என்று திருத்தினார். தம்மை உயர்த்திக் காட்டாமை நேர்மை என்பதை எவரும் ஒப்புவர். தம்மைத் தாழ்த்திக் கூறியதிலும் மிகை கண்டால் அதனையும் திருத்துதல் அதனிலும் அரிய நேர்மை. 1791 இல் இறக்கும் வரை அவர் தேடுவதையும் நிறுத்தவில்லை, பேசுவதையும் நிறுத்தவில்லை.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. வெஸ்லியின் வழிவந்த தோமஸ் கோக் என்பவர் ஒரு சிறு குழுவுடன் ஆசியாவை நோக்கிப் புறப்பட்டு, 1814 இல் கடலிலேயே உயிர்நீத்தார். உடன்வந்தோர் அவ்வாண்டு இலங்கையை அடைந்து, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணி தொடங்கினர். அம்மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அவரே 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பிரசங்கம் என்னும் முறை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாக நில்லாது, நம் மக்களின் பொதுச் சொத்தாயிற்று. எனவே பிரசங்கியின் நேர்மைபற்றிய வினாவும் நம் எல்லோருக்கும் உரியதே.

ஆசிரியத் தொழிலில் உள்ள என் போன்றோரும் இதற்கு விலக்கல்லர். காலைக் கூட்டத்தில் மாணவருக்கு வாய்மையையும் பொறுமையையும் எடுத்துரைக்கிறோம். அவற்றை முற்றும் எய்தியவரே பேசலாம் என்று விதித்தால், பள்ளிக்கூடங்களில் ஊமை நிலையே நிலவும். எய்தாதவர் எய்தியவர் போலப் பேசினாலோ, அதனைப் பிள்ளைகளே விரைவிற் கண்டுகொள்வர்.

ஆகவே, பிரசங்கத்தைக் கேட்போர், பிரசங்கி ஐயமற்றவரா என்று ஆராய வேண்டியதில்லை. அவர் சொல் முதலில் அவரையே தொடுகிறதா என்று நோக்கினாற் போதும். தாம் நிற்கும் இடத்தை மறைக்காது, தாம் செல்ல விழையும் இடத்தைச் சுட்டிக்காட்டுபவர், வழியில் நம்முடன் நடப்பவர் ஆகிறார். அத்தகையவரின் பேச்சைக் கேட்டபின், அவர் நாவன்மையைப் புகழ்வதோடு நாம் நின்றுவிடுதல் இயலாது. நாமும் எழுந்து தேடத் தொடங்குவோம்.