சாட்சி எழுந்து நின்ற இடம்



கைவிடப்பட்ட பழைய நீதிமன்றங்களுக்குள் நுழைந்து, உதிர்ந்த சுவரையும் தூசி படிந்த நாற்காலியையும் படமெடுத்து வருகிறார்கள் பலர். நாம் கேட்க வேண்டியது வேறு: அந்த நாற்காலியில் உட்கார யாருக்கு உரிமை இருந்தது?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சம்னர் என்ற சிற்றூர். 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் கொல்லப்பட்ட வழக்கு, 1955 செப்டம்பரில் அவ்வூர் நீதிமன்றத்தில் நடந்தது. நடுவர்கள் 12 பேரும் வெள்ளை ஆண்கள். கறுப்பினச் செய்தியாளர்களுக்கு ஓரமாக ஒரு சிறு மேசை. அந்த அவையில்தான் மோசஸ் ரைட் எழுந்து நின்று, சிறுவனைக் கடத்திய வெள்ளையர் இருவரையும் கைநீட்டிக் காட்டினார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இருவரும் விடுதலை. அடுத்த ஆண்டே பணம் பெற்றுக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை இல்லை என்ற விதி அவர்களைக் காத்தது.

வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்ததை அறிந்த நமக்கு இந்தக் கதை அந்நியமல்ல.

காலப்போக்கில் சம்னர் நீதிமன்றம் பழுதடைந்தது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த குழு 2007இல் அதன் வாசலில் மன்னிப்புரை வாசித்தது. பின்னர் கூடம் 1955இல் இருந்தவாறே புதுப்பிக்கப்பட்டது. 2023இல் அது தேசிய நினைவுச்சின்னத்தின் ஒரு பகுதியானது. அநீதியின் இருக்கை வரிசையை அவர்கள் மறைக்கவில்லை, பார்வைக்கு வைத்தார்கள்.

பாழடைந்த நீதிமன்றத்துக்குள் போகும் மாணவர்களே, படம் எடுங்கள். கூடவே, அங்கே நடந்த வழக்கையும், தோற்றவர் பெயரையும், சாட்சி நின்ற இடத்தையும் எழுதி வையுங்கள். கட்டடம் இடிந்தாலும் அந்தச் சாட்சியம் இடியக் கூடாது.