தொழுவத்து வழக்கங்கள்



திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டின் பெயரிலே காடு இருக்கிறது. ஊரிலோ இன்று இரும்பும் எஃகும் விற்கும் பெருஞ்சந்தை இருக்கிறது. மாட்டு வண்டி சென்ற பாதையில் சரக்கு லாரிகள் ஓடுகின்றன. ஆயினும் அதற்கு மேற்கே சற்றுத் தொலைவில், மாதவரம் பால்பண்ணைப் பகுதியில், 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் அமைந்துள்ளது. நம் முன்னோர் தொழுவத்தில் கைக்கொண்ட வழக்கங்களை அறிவின் துணைகொண்டு ஆராய்வதற்கு இந்த அண்மை நம்மைத் தூண்டுகிறது.

மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்பு சீவி வண்ணம் பூசுகிறோம். அன்று அதன்மேல் நுகம் வைப்பதில்லை. இது வெறும் அலங்காரமன்று. உடல் முழுவதும் தேய்த்துக் கழுவும் கைக்கு உண்ணியும் நுகத்தடிப் புண்ணும் தப்பமாட்டா. மாலையில் தொழுவத்தில் வேப்பிலைப் புகைமூட்டம் இடுவதும் ஈ, கொசுக்களை விரட்டவே. பசு ஈன்றபின் விழும் இளங்கொடியை வைக்கோலிற் சுற்றி ஆலமரத்தில் கட்டுவர். பால் வடியும் மரமாதலால் பசுவுக்கும் பால் பெருகும் என்பது நம்பிக்கை. மரம் பாலைப் பெருக்காது. ஆனால் நாய்கள் அதனை ஊரெங்கும் இழுத்துத் திரியாமல் அவ்வழக்கம் தடுத்தது.

அயர்லாந்து நாட்டு உழவரிடமும் இத்தகைய வழக்கம் உண்டு. பிரிஜித் அம்மையாரின் திருநாளுக்கு முந்திய இரவில், அதாவது ஜனவரி 31-இல், ஒரு துணியை வெளியே வைத்தெடுத்துப் பாதுகாப்பர். பசு ஈனமாட்டாமல் வருந்தும்போது அதனை மேலே போர்த்துவர். துணி மருந்தாகாது, எனினும் துணியோடு வந்தவர் பசுவின் அருகிலேயே இருந்தார் அல்லவா?

எல்லா வழக்கங்களும் நல்லவை என்று கொள்ளலாகாது. இளங்கொடி விழும்வரை கன்றுக்குச் சீம்பால் கொடாதிருக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது பெருந்தீங்கு. தாயின் வயிற்றில் இருக்கையில் கன்றுக்கு நோய் எதிர்ப்பாற்றல் கிட்டுவதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் அருந்தும் சீம்பாலே அதனை அளிக்கிறது. மேலும், கன்று ஊட்டினால் கருப்பை சுருங்கி இளங்கொடி விழுவதும் எளிதாகும். காத்திருந்தவர் காத்த கன்றையே இழக்க நேரிடும். நோய்க்குச் சூடு போடுவதும் அத்தகையதே. வாயில்லாப் பிராணிக்கு வேதனையைத் தவிர அதனால் விளையும் பயன் யாது?

மற்றொரு புறம், மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசும் மருத்துவத்தை மேற்சொன்ன பல்கலைக்கழகத்தின் அறிஞர்கள் ஆராய்ந்து உழவர்க்குக் கற்பித்து வருகின்றனர். பழையது என்பதற்காகத் தள்ளாமலும், பழையது என்பதற்காகவே கொள்ளாமலும் சோதித்துத் தேர்வதே கல்வியின் பயன்.

தொழுவங்கள் மறையும் ஊர்களில் அவற்றைப் பற்றிய அறிவும் மறைந்துவிடும். ஆதலால், மாடு வளர்த்த முதியவர் உங்கள் இல்லத்தில் இருப்பின் அவரிடம் இன்றே கேளுங்கள். அவர் கூறுவதை எழுதி வையுங்கள், பின்பு ஆராயுங்கள்.