கப்பலைத் தேடினால் ஆள் கிடைப்பார்



“எங்க தாத்தா வெள்ளைக்காரன் கப்பல்ல இருந்தாரு” என்று சொல்லும் வீடுகள் தூத்துக்குடியில் உண்டு. எந்தக் கப்பல் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அவர் வாங்கிவந்த பீங்கான் தட்டு பத்திரமாக இருக்கும், சட்டம் போட்ட படமும் இருக்கும். கப்பலின் பெயர் மட்டும் யாருக்கும் நினைவிராது. பணிப்பதிவைத் தேடப் புறப்படுகிறவருக்கு முதலில் வேண்டியதோ அந்தப் பெயர்தான். ஆளை அப்புறம் தேடிக்கொள்ளலாம், முன்னால் கப்பலைக் கண்டுபிடியுங்கள். இன்று நான் சொல்லவந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான காரணங்கள்.

பிரிட்டிஷ் அரசு தன் வணிகக் கப்பல் மாலுமிகளை ஆள்வாரியாகப் பதிவு செய்யத் தொடங்கியது 1835இல். 1857இல் அதைக் கைவிட்டது. மறுபடி தொடங்கியது 1913இல். அதிலும் 1913 முதல் 1917 வரையிலான அட்டைகள் அழிக்கப்பட்டுவிட்டன. ஆகவே அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஒரு மாலுமியின் பெயரைச் சொல்லி அவர் எந்தக் கப்பலில் போனார் என்று பார்ப்பதற்கு ஏடே கிடையாது.

கப்பலின் கதை வேறு. 1854ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பிறகு, பிரிட்டிஷ் பதிவு பெற்ற ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அதிகாரபூர்வ எண் கொடுத்தார்கள். முதலாளி மாறலாம், பெயர் மாறலாம், எண் மாறாது. அதைக் கப்பலின் பிரதான உத்திரத்திலேயே வெட்டிவைத்தார்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடிய காலத்தில் இந்த எண் இல்லாமல் தேடுவது வீண்வேலை.

இந்த எண்ணின்கீழ்தான் பணியாளர் ஒப்பந்தப் பட்டியல்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. பயணம் புறப்படுமுன் ஒவ்வொருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த தாள்கள் அவை. பெயர், வயது, பிறந்த ஊர், வேலை, சம்பளம், ஏறிய நாள், இறங்கிய நாள் எல்லாம் அதில் இருக்கும். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, இதற்கு முன் இருந்த கப்பல் எது என்று கேட்கும் பத்திதான். ஒரு தாள் கிடைத்தால் அது முந்தைய கப்பலைக் காட்டும், அந்தக் கப்பலின் தாள் அதற்கும் முந்தையதைக் காட்டும். இப்படியே பின்னோக்கிப் போனால், முதன்முதலில் கப்பலேறிய துறைமுகம் வரை போய்ச் சேர்ந்துவிட முடியும்.

அந்தத் தாள்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டால் சிரிப்பு வரும். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் பத்தில் ஒரு பங்கை மாதிரிக்காக எடுத்துக்கொண்டது. 1945 நீங்கலாக, ஐந்தில் முடியும் ஆண்டுகள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போயின. இத்தனை காகிதத்தை எங்கே வைப்பது என்று இங்கிலாந்து கைபிசைந்துகொண்டிருந்தபோது, அட்லாண்டிக்கின் அக்கரையில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகம் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது. 1863 முதல் 1938 வரையிலான பட்டியல்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு இன்று செயின்ட் ஜான்ஸ் நகரில் இருக்கிறது. 1939 முதல் 1950 வரையிலானவை கியூவிலேயே தங்கிவிட்டன. ஆகவே கப்பலோடு ஆண்டும் தெரிந்தாக வேண்டும். ஆண்டு தெரியாவிட்டால் எந்தக் கண்டத்துக்குக் கடிதம் எழுதுவது என்பதே தெரியாது!

நம்மவர்களைத் தேடும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. இந்திய மாலுமிகளை லஸ்கர் என்று தனி வகுப்பாக்கி, பம்பாயிலும் கல்கத்தாவிலும் தனி ஒப்பந்தத்தில், குறைந்த கூலிக்கு எடுத்தார்கள். சாரங்கு ஆள் சேர்த்துக் கொடுப்பார், குமாஸ்தா காதில் விழுந்தபடி பெயரை எழுதுவார். இனிஷியலும் தகப்பன் பெயரும் குடும்பப் பெயராகிவிடும். சில கப்பல்களின் தாள்களில் லஸ்கர்களின் பெயரே இராது, தலைக்கணக்கு மட்டும் இருக்கும். கப்பலின் உத்திரத்தில் எண்ணை வெட்டிவைக்கத் தெரிந்த சாம்ராஜ்யம் அது. கரி அள்ளியவனின் பெயரை எழுத அதற்கு மனமில்லாமல் போயிற்று.

தேட வசதியான ஆண்டு 1915. அந்த ஆண்டின் சுமார் 39,000 பட்டியல்களிலிருந்து ஏழரை லட்சத்துக்கும் அதிகமான பதிவுகளைத் தன்னார்வலர்கள் படியெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதில் பெயரை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். பர்னாந்து, மச்சாது, கோமஸ் என்ற பெயர்கள் பரதவர்களுக்கும் உண்டு, கோவாக்காரர்களுக்கும் உண்டு. பிறந்த ஊர்ப் பத்தியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பிறகு பங்குக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டோடு வயதை ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் அவர் உங்கள் ஆள் என்று ஓரளவு நம்பலாம்.

போரில் இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியல் இருக்கிறது, கட்டணமில்லை. 1915 டிசம்பர் 30 அன்று கிரீட் தீவருகே மூழ்கடிக்கப்பட்ட ‘பெர்சியா’ கப்பலில் 343 பேர் இறந்தார்கள். லஸ்கர்கள் பலர் அதில் அடக்கம். முதல் உலகப்போரில் கடலே கல்லறையான 2,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மும்பையின் இந்திய மாலுமிகள் இல்லத்தில் நினைவகம் இருக்கிறது.

கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல்களுக்கு இந்த வழி எதுவும் உதவாது. அவர்களுக்கு இன்னொரு சொற்பொழிவு வேண்டும். கடற்படையில் இருந்தவர்களின் வாரிசுகள் மும்பை மான்கூர்டிலுள்ள மாலுமிகள் பணியகத்துக்கு எழுத வேண்டும்.

இவ்வளவு தூரம் போகுமுன் வீட்டிலுள்ள டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிடிசி என்று நாம் சொல்லும் அந்தச் சிறிய பணிப்புத்தகத்தில் கப்பலின் பெயர், ஏறி இறங்கிய தேதிகள், கப்டனின் முத்திரை எல்லாம் பயணவாரியாக இருக்கும். கப்பலின் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். திறமைக்கும் நடத்தைக்கும் ‘மிக நன்று’ என்று முத்திரை குத்துவது வழக்கம். கருத்துச் சொல்ல மறுப்பதாகக் கப்டன் குத்திவிட்டால் அடுத்த வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படியொரு முத்திரை கண்ணில் பட்டால் மறைக்காதீர்கள், அந்தப் பயணத்தில் ஏதோ நடந்திருக்கிறது.

அந்தப் புத்தகத்தைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கப்பல், எண், ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்திலோ பங்கு அலுவலகத்திலோ கொடுத்துவையுங்கள்.