மதியத் தூக்கமும் என் வலது கையும்
(நம் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

பேங்கில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிய பி.காம்.காரனுக்கு உடற்கூறு எதற்கு என்று கேட்பீர்கள். போன மார்கழியில் என் வலது கைதான் அதைச் சொல்லிக் கொடுத்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு, மர நாற்காலியின் சாய்வுச் சட்டத்துக்கு மேலே கையைத் தொங்கப் போட்டபடி தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் மணிக்கட்டு தொங்குகிறது, தூக்க முடியவில்லை. வீட்டில் பக்கவாதம் என்று பயந்துவிட்டார்கள். மஞ்சக்குட்டையிலிருந்து புறப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போனோம்.

டாக்டர் முழங்கையை மடக்கச் சொன்னார், மடக்கினேன். நீட்டச் சொன்னார், நீட்டினேன். மணிக்கட்டும் விரல்களும்தான் நிமிரவில்லை. முகம், பேச்சு, கால் எல்லாம் சரி. ரேடியல் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார்.

மேற்கையின் முன்பக்கம் பைசெப்ஸ், அதற்கு அடியில் பிரேக்கியாலிஸ். இவை முழங்கையை மடக்கும். வலது கையால் சாவியைத் திருப்பும்போது இடது கையால் பைசெப்ஸைத் தொட்டுப் பாருங்கள், இறுகும். பின்பக்கம் ட்ரைசெப்ஸ், அது நீட்டும். ஒன்று இறுகினால் மற்றது தளரும், எங்கள் பற்று வரவு மாதிரி.

ட்ரைசெப்ஸை இயக்கும் ரேடியல் நரம்பு, மேற்கை எலும்பின் பின்புறம் எலும்பை ஒட்டியே சுற்றிக்கொண்டு இறங்குகிறது. சட்டம் அழுத்தியது அங்கேதான். ட்ரைசெப்ஸுக்கான கிளைகள் பெரும்பாலும் அதற்கு மேலேயே பிரிந்துவிடுவதால் அது தப்பித்தது. மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் மாட்டிக்கொண்டன.

அல்னார் நரம்பு வேறு மாதிரி. மேற்கையில் எந்தத் தசைக்கும் கிளை தராமல், சின்ன ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் போல் கடந்து போகும். முழங்கை இடித்தால் ஷாக் அடிக்கிறதே, அது இதுதான். தொழுநோய் இதைத் தாக்கினால் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிவிடும். 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், நல்ல தசையின் நாணை எடுத்து அப்படி முடங்கிய விரல்களுக்கு மாற்றிப் பொருத்தினார். எங்கள் பாஷையில் டிரான்ஸ்ஃபர் என்ட்ரி!

எனக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. மணிக்கட்டுக்குப் பட்டை, பயிற்சி, பத்து வாரம். கையெழுத்து திரும்பி வந்தது.

ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டு, கை விழுந்தால் நரம்புதான் என்று யாரும் வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கவாதத்திலும் கை இப்படி விழலாம். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலை இறங்கும் நேரமும் அதில் சேர்த்திதான். உடனே 108.

கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம்: வாசிப்பு அறையிலும் அதே மாதிரி மர நாற்காலிகள் நாலு கிடக்கின்றன. மதியத்தில் அங்கே யார் யார் தூங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மாற்றித் தாருங்கள்.