மறைநூலை ஆழ்ந்து கற்போம்



விசுவாசிகள் அனைவரும் மறைநூலை அடிக்கடி வாசிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வற்புறுத்தியது. நாமோ ஞாயிறு வாசகத்தைக் கேட்டதோடு நின்றுவிடுகிறோம்.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் வரும் மன்னிக்காத ஊழியனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு வரவேண்டிய 100 தெனாரியம் வெறும் சில்லறைக் கடன் என்றே பலரும் எண்ணுகிறோம். தெனாரியம் என்பது கூலியாளின் ஒருநாள் கூலி. 100 நாள் உழைப்பு சில்லறையா? கூலி வேலைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள்! ஆக, பிறர் நமக்குச் செய்த தீங்கை ஆண்டவர் அற்பமென்று தள்ளவில்லை. இழப்பு மெய்யென்று அறிந்தே மன்னிக்கச் சொல்கிறார். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகள் நம் பங்கிலும் உண்டல்லவா?

அந்த ஊழியனுக்கு மன்னிக்கப்பட்டதோ 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். எத்தனை தலைமுறைக் கூலி? இன்றிரவு வீட்டில் பிள்ளைகளோடு கணக்கிட்டுப் பாருங்கள்.